ராத்திரி கூட்டுல விட்டா காலையில சரியாயிடுமா?

போன வாரம் தோழி ஒருத்தி போன் பண்ணினா. வீட்டுல ஏற்கெனவே 5 கோழி நிக்குதாம். இன்னும் ரெண்டு வாங்கிட்டு வந்திருக்கா. எப்படிச் சேர்க்கறதுன்னு கேட்டா.

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பதிலையும் அவளே சொல்லிட்டா. "எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்றாங்கப்பா. நல்லா இருட்டினதும் புதுசைத் தூக்கி கூட்டுக்குள்ள விட்டுடணுமாம். காலையில கதவைத் திறந்தா ஒண்ணுமண்ணாத் திரியுமாம். அப்படியே பண்ணிடவா?"

"பண்ணிடாத தாயி, இன்னிக்கு ஒரு நாள் பொறு"ன்னு சொல்லிட்டு அரை மணி நேரம் பேசினேன். ரங்கமணி பக்கத்துல உக்காந்து "ரெண்டு கோழிக்கு இவ்ளோ பெரிய பிரசங்கமா"ன்னு சிரிச்சார். சிரிக்கட்டும். பேசினதையே இங்க எழுதி வெச்சுடறேன். நம்ம பதிவர் மக்கள்லயே பின்கட்டுலயும் மொட்டை மாடியிலயும் கோழி வெச்சிருக்கறவங்க நிறையப் பேர். அடுத்தவாட்டி யாராச்சும் கேட்டா சுட்டியைக் குடுத்துட்டு நான் என் வேலையப் பாக்கலாம் பாருங்க :)

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். அந்த ராத்திரி யோசனை பொய்யில்லை. ஆனா அது நம்ம பாட்டிங்க வீட்டு வாசலுக்குச் சரியா வந்த யோசனை. நாலு பக்கமும் காம்பவுண்டு சுவர் எழுப்பி, ஓரத்துல வலை அடிச்சு வெச்சிருக்கற நம்ம வீட்டுக்கு அதை அப்படியே தூக்கிட்டு வந்தா கோழிதான் சாகும். இது நான் பட்டுத் தெரிஞ்சுகிட்டது.

*

2019 ஏப்ரல். நல்ல வெயில். அப்ப எங்க வீட்டுல 8 பெட்டை, ஒரு சேவல். எல்லாம் மாமியாரோட கோழிங்க. நான் சும்மா தீவனம் போடற ஆளு. முட்டைக் காசு அவங்க சுருக்குப் பைக்குப் போகும், அதுல யாரும் கணக்குக் கேக்கறதில்லை. பேரப் பிள்ளைங்களுக்குத் தேன்மிட்டாய்லேர்ந்து அவங்க கட்டற சின்னச் சீட்டு வரைக்கும் அந்தப் பையிலேர்ந்துதான் வரும்.

நாமளும் ஏதாச்சும் வாங்கித் தருவோமேன்னு, தெரிஞ்சவங்க வீட்டுலேர்ந்து ஒரு செவலை வெடக்கோழி வாங்கிட்டு வந்தேன். சந்தைக் கோழின்னா யோசிச்சிருப்பேன். தெரிஞ்ச வீடு, பளபளன்னு இறகு, சிவப்பா கொண்டை, முட்டைக்கு வர்ற பருவம். நம்பிட்டேன். "ராத்திரி கூட்டுல விட்டுடுத்தா"ன்னு அத்தை சொன்னாங்க. விட்டேன்.

ராத்திரி ஒரு சத்தமும் இல்லை. எனக்கோ ஏகப்பட்ட பெருமை.

காலையில கதவைத் திறந்து கம்பை விசிறினதும் ஆரம்பிச்சது கச்சேரி. முதல்ல மூத்த கோழி, நாங்க கருப்பின்னு கூப்பிடறது, ஓடி வந்து கொண்டையில ஒரு கொத்து. சரி, பெரிய மனுஷி, கொத்தட்டும்னு இருந்தேன். அது போனதும் அடுத்தது. அதுக்கப்புறம் இன்னொண்ணு. செவலை துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னாடி போய் ஒண்டிக்கிச்சு. அங்கயும் போய்க் கொத்துதுங்க. தீவனத்துப் பக்கமே வர விடலை. தண்ணிக்கு வந்தாலும் விரட்டு.

பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பாத்துட்டு, "புது மருமக வந்தா நாலு நாள் அப்படித்தான் இருக்கும், நீ வாங்கலையா?"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன்.

மூணாம் நாள் செவலையோட மண்டையில தோல் உரிஞ்சு ரத்தம் வந்துடுச்சு. கோழிங்களுக்கு ரத்தச் சிவப்பைக் கண்டா அங்கயே கொத்தத் தோணும். அதுவரைக்கும் சும்மா இருந்ததுகூட வந்து ஒரு கொத்து கொத்திட்டுப் போச்சு. அப்பத்தான் பிடிச்சு பஞ்சாரத்துக்குள்ள கவுத்தேன். அதையும் அதே முற்றத்துல, அதுங்க மேயற இடத்துலயே.

நாலாம் நாள் செவலை இறகை உப்பிக்கிட்டு, கண்ணை மூடி மூடி நின்னுச்சு. அடி வாங்கின சோர்வுன்னு நெனச்சோம். ஆறாம் நாள் பச்சையும் வெள்ளையுமா கழிஞ்சுது. ஏழாம் நாள் செத்துப் போச்சு. அப்பவும் எங்களுக்கு உறைக்கலை. "கொத்தியே கொன்னுடுச்சுங்க பாவம்"ன்னு தென்னை மரத்தடியில பொதைச்சோம்.

பத்தாம் நாள் அத்தையோட கோழிங்கள்ல ஒண்ணு அதே மாதிரி உப்பிக்கிட்டு நின்னுச்சு. அடுத்த நாள் இன்னும் ரெண்டு. அப்புறம் ஒண்ணுக்குக் கழுத்து முறுக்கிக்கிட்டு, தலை பின்னாடி திரும்பிடுச்சு. கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிட்டு ஓடினா, டாக்டர் பாத்ததுமே வெள்ளைக்கழிச்சல்னு சொல்லிட்டார். "தடுப்பூசி போட்டிருந்தீங்களா?"ன்னு கேட்டார். நான் ரங்கமணியைப் பாத்தேன், அவர் என்னைப் பாத்தார்.

8 பெட்டையில மிஞ்சினது 2. சேவலும் போச்சு. கருப்பி எப்படிப் பொழைச்சுதுன்னு இன்னிக்கும் தெரியலை.

அத்தை ஒரு வார்த்தை சொல்லலை. திட்டியிருந்தாக்கூடத் தேவலை. காலி பஞ்சாரத்தை வாசல்லேர்ந்து எடுத்து உள்ள வைக்கவும் இல்லை. ரொம்ப நாள் அது அங்கயே கவுந்து கெடந்துச்சு. நான் காலையில கோலம் போட வரும்போதெல்லாம் கண்ணுல படும்.

*

அதுக்கப்புறம்தான் உக்காந்து படிச்சேன், நாலு பேரைக் கேட்டேன். நான் பண்ணினது ரெண்டு தப்பு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு மறைச்சுக்கிச்சு. சண்டை நடந்ததால, நோயோட முதல் அறிகுறி அடிபட்ட சோர்வு மாதிரியே தெரிஞ்சுது. இந்தச் சண்டை வரலைன்னா நாலாம் நாளே சந்தேகப்பட்டிருப்போம். அடி வாங்கி, தீனி தண்ணி இல்லாம பயத்துல நிக்கற கோழிக்கு எதிர்ப்பு சக்தியும் கொறைஞ்சிடும். அதனால ரெண்டையும் தனித்தனியா சொல்றேன்.

முதல்ல சண்டை.

கோழிக் கூட்டத்துல யார் யாரைக் கொத்தலாம்னு ஒரு வரிசை உண்டு. இதை முறையா எழுதி வெச்சவர் நார்வே நாட்டுக்காரர், ஷெல்டெரூப்-எப்பேன்னு பேரு. சின்னப் பையனா இருந்தப்பவே வீட்டுக் கோழிங்க எது எதைக் கொத்துதுன்னு நோட்டுப் போட்டுக் குறிச்சவர். 1920களோட தொடக்கத்துல அதை ஆராய்ச்சியா வெளியிட்டார். இன்னிக்கு ஆபீஸ் அரசியலுக்குக்கூட அந்தச் சொல்லைத்தான் ஊரெல்லாம் பயன்படுத்துது, பாதிப் பேருக்கு அது கோழிக்கூட்டுலேர்ந்து வந்த சொல்லுன்னே தெரியாது.

நாம கூட்டத்துக்கு ஒரு தலைவி, மத்ததெல்லாம் தொண்டர்னு நெனக்கறோம். அப்படியில்லை. ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியா ஒரு முடிவு இருக்கு. இது அதைக் கொத்தும், அது இதைக் கொத்தாதுன்னு. 8 கோழின்னா 28 ஜோடி. எல்லாம் எப்பவோ தீர்ந்து போன வழக்கு. அதனாலதான் பழைய கூட்டம் அமைதியா இருக்கு. ஒரு முறைப்பு, ஒரு சின்னக் கொத்து, அவ்ளோதான்.

இதுக்குள்ள ஒரே ஒரு புதுக் கோழியை விட்டா என்ன ஆகும்? 8 புது வழக்கு. பழைய கோழி ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு சண்டைதான், முடிச்சுட்டு மேயப் போயிடும். புதுசுக்கு? எட்டும் அது ஒண்ணோடதான். அதுவும் அன்னிக்கே, பழக்கமில்லாத இடத்துல, எங்க தண்ணி இருக்கு, எங்க ஒளியறதுன்னு தெரியாத நிலைமையில. இந்தக் கணக்கைப் போட்டுப் பாத்தப்பறம் "நாலு நாள் அப்படித்தான் இருக்கும்"னு சொல்ல எனக்கு வாய் வரலை.

இதுலேர்ந்து கிடைக்கற முதல் பாடம், ஒத்தைக் கோழியை வாங்காதீங்க. ரெண்டு, மூணாச் சேர்த்து வாங்குங்க. கூட்டத்தோட கவனம் பிரியும். புதுசுங்களுக்கும் ஒண்ணுக்கொண்ணு துணை இருக்கும். கூடவே, வயசும் உருவமும் ஒத்து இருக்கணும். ரெண்டு மாசக் குஞ்சைக் கொண்டு போய் முட்டைக் கோழிங்க நடுவுல விடறது கொலை. நாட்டுக் கோழியிலயே சிறுவிடை, பெருவிடைன்னு இருக்கில்ல, சிறுவிடைக் கூட்டத்துல ஒரு பெருவிடையை விட்டா கதை தலைகீழாவும் நடக்கும், பழசுங்க அடி வாங்கும்.

இன்னொண்ணு. பழைய கோழிதான், கால்ல அடின்னு மூணு வாரம் தனியா வெச்சிருந்தீங்கன்னா, அதைத் திரும்ப விடும்போதும் அது "புதுசு"தான். அதுக்கும் இதே கூத்து நடக்கும்.

*

சரி, ராத்திரி விஷயத்துக்கு வர்றேன்.

கோழிக்கு இருட்டுல கண்ணு சரியாத் தெரியாது. பரண்ல ஏறி உக்காந்துட்டா அசையாது. அதனால ராத்திரி சண்டை வராது. சமாதானம் ஆயிடுச்சுன்னு நாம நெனக்கறோம், அங்க யாரும் யாரையும் இன்னும் பாக்கவே இல்லை. "ராத்திரியெல்லாம் ஒட்டி உக்காந்து வாசனை கலந்துடும்"னு ஒருத்தர் விளக்கம் சொன்னார். கோழி அடுத்த கோழியை அடையாளம் வெச்சுக்கறது பெரும்பாலும் கண்ணாலதான். தலை, கொண்டை, முகம் இதையெல்லாம் பாத்துத்தான். விடிஞ்சதும் "யாருடா இது?"ன்னு ஆரம்பிச்சிடும்.

அப்ப பாட்டிங்க சொன்னது தப்பா? எங்க அப்பத்தா வீட்டை நெனச்சுப் பாத்தேன். ராத்திரி பஞ்சாரத்துல கவுத்து வெப்பாங்க. காலையில தூக்கி விட்டா கோழி எங்க போகும்? வாசல், தெரு, குப்பைமேடு, மாட்டுக் கொட்டகை, பக்கத்துத் தோப்பு. அடிக்க வந்தா புதுக்கோழி ஓடிடும். ஓடினா சண்டை முடிஞ்சுது. நாள் பூரா தூரத் தூர நின்னு மேஞ்சுட்டு, சாயங்காலம் கூட வந்து அடையும். ஒரு மாசத்துல தானா ஒட்டிக்கும். அதாவது, சமாதானம் பண்ணி வெச்சது அந்த ராத்திரி இல்லை. மறுநாள் காலையில கிடைச்ச அந்தப் பெரிய ஊர்.

நம்ம கிட்ட இருக்கறது 10 அடிக்கு 10 அடி வலைக்கூண்டு. ஓடறதுக்கு எடமில்லாத கோழி தோத்துட்டேன்னு எப்படிச் சொல்லும்? தோத்த கோழி விலகிப் போகணும், அதுதான் அதுங்க பாஷையில "விட்டுடு". விலக எடம் இல்லைன்னா அடிக்கற கோழிக்கு அது இன்னும் நின்னு முறைக்கற மாதிரிதான் தெரியும். திரும்பத் திரும்ப அடிக்கும். பழைய கோழி மேல கொடுமைக்காரின்னு பழி போட்டுப் பிரயோஜனமில்லை. கூண்டு கட்டினது நாமதானே.

ராத்திரி வேலை சரியா நடக்கற ஒரு இடம் உண்டு. அடைக்கோழி. முட்டை மேல உக்காந்திருக்கற கோழிக்கு அடியில, பொறிஞ்சு ஒண்ணு ரெண்டு நாள் ஆன வேற குஞ்சுங்களை இருட்டுல மெதுவா சொருவிட்டா, காலையில தன் குஞ்சுன்னே ஏத்துக்கும், பெரும்பாலும். அப்பத்தா அதைப் பண்ணி நானே பாத்திருக்கேன். குஞ்சுக்குச் சொன்னதை வளர்ந்த கோழிக்கும் நீட்டிட்டாங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

ஆனா பழசையெல்லாம் தங்கம்னும் சொல்ல மாட்டேன். அதே அப்பத்தா ஊர்ல, ஒரு வெயில் காலத்துல தெருவே காலியாகும். "கோழிக்குச் சீக்கு வந்துடுச்சு"ன்னு ஒரே வார்த்தைதான். யார் வீட்டுக்கு எங்கேர்ந்து புதுக்கோழி வந்துச்சுன்னு யாரும் கேட்டதில்லை. விதின்னு விட்டுட்டு அடுத்த வருஷம் திரும்ப வளர்ப்பாங்க.

*

இப்ப நோய்.

வெள்ளைக்கழிச்சலுக்கு இன்னொரு பேரு இராணிக்கெட். உத்தராகண்ட்ல இருக்கற ஊரு பேரு அது. நம்ம நாட்டுல அந்த ஊர்ல கண்டுபிடிச்சதால அந்தப் பேரு நின்னு போச்சு. வெளிநாட்டுல நியூகேசில் நோய்னு சொல்வாங்க. இது வைரஸ். வந்தப்பறம் மருந்து கிடையாது. தடுப்பூசி மட்டும்தான் வழி. கிருமி உள்ள போய் வெளிய தெரியறதுக்கு 2 நாள்லேர்ந்து 15 நாள் வரைக்கும் ஆகலாம். அதனால வாங்கும்போது பளபளன்னு இருந்துச்சுங்கறதுக்கு அர்த்தமே இல்லை. என் செவலையும் பளபளன்னுதான் இருந்துச்சு.

சளி நோய் இன்னும் மோசமான கள்ளன். வந்து குணமான கோழி பாக்க நல்லா இருக்கும், ஆனா கிருமியை உள்ள வெச்சுக்கிட்டே திரியும். அதைக் கொண்டு வந்து விட்டா நம்ம கோழிங்களுக்கு மூஞ்சி வீங்கும், மூக்கு ஒழுகும். கொடுத்தவங்க நம்மள ஏமாத்தியிருக்க மாட்டாங்க. அவங்களுக்கே தெரியாது.

அதனாலதான் சொல்றேன், தெரிஞ்சவங்க வீடு, சந்தை, பண்ணைன்னு பேதம் பாக்காம புதுக்கோழி எதுவா இருந்தாலும் 4 வாரம் தனியா வைக்கணும். குறைஞ்சது 3 வாரம். எவ்ளோ தூரம் தள்ளி வைக்க முடியுமோ அவ்ளோ நல்லது. பழசுங்க பின்கட்டுல இருந்தா புதுசுங்க மொட்டை மாடியில, நிழல் பாத்து. தீனித் தட்டு, தண்ணிச் சட்டி தனி. முதல்ல பழைய கோழிங்களுக்கு வேலை முடிச்சுட்டு, அப்புறம் புதுசுங்க கிட்டப் போங்க, மாத்திப் பண்ணாதீங்க. செருப்புகூட வேற. கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும்.

இந்த 4 வாரத்துல செய்ய வேண்டியது:

தடுப்பூசி. குஞ்சுன்னா முதல் வாரத்துல கண்ணுலயோ மூக்குலயோ சொட்டு விடுவாங்க. 8 வாரத்துக்கு மேல ஆன கோழிக்கு இறக்கையில ஊசி. கால்நடை மருந்தகத்துல கேளுங்க. போட்ட உடனே காப்பு வந்துடாது, ரெண்டு வாரம் போல ஆகும். பழைய கோழிங்களுக்கும் போட்டாச்சான்னு பாத்துக்குங்க. இது ரொம்ப முக்கியம். நாங்க கோட்டை விட்டது அங்கதான்.

குடற்புழு மருந்து. அதையும் அங்கயே கேட்டு, அவங்க சொல்ற அளவுல.

பேன். ராத்திரி டார்ச் அடிச்சு, இறக்கைக்கு அடியிலயும் பின்பக்க இறகைப் பிரிச்சும் பாருங்க. ஓடும். நாலு நாளைக்கு ஒருக்கா பாக்கணும்.

எச்சம். தினம் காலையில எச்சத்தைப் பாக்கறது அருவருப்பான வேலைதான், ஆனா அதைவிட நல்ல டாக்டர் ரிப்போர்ட் கிடையாது.

நடுவுல ஒண்ணு சோர்ந்து நின்னாலும் சேர்க்கற தேதியைத் தள்ளிப் போடுங்க. அடுத்தடுத்து ரெண்டு மூணு திடீர்னு செத்தா மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்க. மூடி மறைச்சு, இருக்கறதை அவசரமா வித்துடறது ரொம்பப் பேர் பண்றது. அந்தக் கோழி இன்னொரு அத்தையோட கூட்டுக்குள்ளதான் போகும்.

*

2020 செப்டம்பர்ல திரும்ப முயற்சி பண்ணினோம். 3 வெடக்கோழி. அதுவும் ஊரடங்கு வருஷம் வேற. நான் மாடியில தனியாக் கூண்டு வெச்சதும் அத்தை வந்து பாத்துட்டு, "மனுஷனுக்கே 14 நாள்தான்டி, கோழிக்கு ஒரு மாசமா?"ன்னாங்க. தெருவுல அன்னிக்குப் பூரா அதுதான் ஜோக்.

4 வாரம் முடிஞ்சு கீழ கொண்டு வந்தப்பவும் நேரா விடலை. முற்றத்து வலையை நடுவுல தடுத்தோம். இந்தப் பக்கம் கருப்பியும் இன்னொண்ணும், அந்தப் பக்கம் புதுசு மூணும். ஒண்ணை ஒண்ணு பாக்கலாம், தொட முடியாது. தீனித் தட்டை ரெண்டு பக்கமும் வலையை ஒட்டியே வெச்சேன். முதல் ரெண்டு நாள் கருப்பி வலையை எகிறி எகிறிக் கொத்துச்சு. நாலாம் நாள் முறைப்பு மட்டும். ஒரு வாரத்துல பக்கத்துப் பக்கத்துல நின்னு தின்னுச்சுங்க. நான் இன்னும் மூணு நாள் சேர்த்து 10 நாள் விட்டேன்.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை, எல்லாரும் வீட்டுல இருக்கற நாளாப் பாத்து, சாயங்காலம் 4 மணிக்கு முற்றத்துல தடுப்பை எடுத்தேன். கூண்டுக்குள்ள இல்லை, வெளி முற்றத்துல. தீனியைத் தட்டுல வைக்காம பரவலா விசிறிட்டேன். தண்ணிச் சட்டி 3 இடத்துல. ஒரு முருங்கைக் கொப்பை ஒடிச்சு, கொத்தற உயரத்துல தொங்க விட்டேன், அதைக் கொத்தற மும்முரத்துல பாதிச் சண்டை மறந்து போகும். பழைய கதவு ஒண்ணை சுவத்துல சாய்ச்சு வெச்சேன். ரெண்டு பக்கமும் திறந்திருக்கணும், ஒரு பக்கம் அடைச்சிருந்தா அது ஒளியற இடமில்லை, மாட்டிக்கற இடம்.

சண்டை வரலையா? வந்துச்சு. நெஞ்சை நிமித்தி எகிறிக்கிட்டதுங்க. கருப்பி ஒண்ணை விரட்டிட்டுப் போச்சு. அது கதவுக்குப் பின்னாடி ஓடி அந்தப் பக்கமா வெளிய வந்துடுச்சு. கருப்பி கொஞ்ச நேரம் தேடிட்டு மேயப் போயிடுச்சு. முடிஞ்சுது வழக்கு! நான் குடையை வெச்சுக்கிட்டு நடுவர் மாதிரி உக்காந்திருந்தேன், இறங்கவே வேண்டி வரலை. ஒரு கொத்து, ஒரு துரத்தல்னா நாம நுழையக் கூடாது. கீழ போட்டு மேல ஏறி விடாம கொத்தினாலோ, ரத்தம் வந்தாலோ அந்த நிமிஷமே பிரிச்சுடணும். காயத்துக்கு நாங்க மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவறோம், ஆறினப்பறம்தான் திரும்பச் சேர்க்கறது.

பொழுது சாய்ஞ்சதும் எல்லாத்தையும் ஒரே கூட்டுல அடைச்சோம். ஆமா, ராத்திரிதான் :) முதல் வேலையா பண்ணினா தப்பா போற விஷயம், கடைசி வேலையா பண்ணினா சரியா வருது. விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுக் கதவைத் திறந்துடணும், அது ரொம்ப முக்கியம். மாட்டிக்கிட்டு நிக்க விடக் கூடாது.

புதுசுங்க ஒரு மாசம் வரைக்கும் பரண்ல ஓரத்துலதான் படுத்துச்சுங்க, கடைசியாத்தான் தின்னுச்சுங்க. ரெண்டு மூணு வாரம் முட்டையைத் தேடக் கூடாது, இடம் மாறினா நிறுத்திடும். இதெல்லாம் இயல்பு. தின்னுதா, தண்ணி குடிக்குதா, எடை இறங்காம இருக்கா, இதை மட்டும் பாருங்க. சாயங்காலம் ஒண்ணொண்ணாத் தூக்கி இரைப்பையைத் தொட்டுப் பாத்தா தெரிஞ்சிடும். காலியா இருந்தா அதுக்குத் தீனி கிடைக்கலைன்னு அர்த்தம்.

*

"இவ்ளோ எடத்துக்கும் நேரத்துக்கும் எங்க போறது?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. என் பதில் கொஞ்சம் கறாராத்தான் இருக்கும். ஆறு வாரம் ஒதுக்க முடியலைன்னா கோழி வாங்காதீங்க, முட்டை வாங்குங்க. சேவலோட இருக்கற கூட்டத்து முட்டை 8, 10 வாங்கி, நம்ம வீட்டுக் கோழி அடைக்கு உக்காரும்போது வெச்சுடுங்க. 21 நாள். எந்த ஜாதிக் குஞ்சு வேணுமோ அது நம்ம கூட்டுலயே பொறிக்கும். தாய்க்கோழியே கூட்டத்துக்குள்ள கூட்டிட்டுத் திரியும், எவளாச்சும் கிட்ட வந்தா அவ பாத்துப்பா. முட்டை வழியா வர்ற நோயும் சிலது இருக்கு, ஆனா வளர்ந்த கோழியைக் கொண்டு வர்றதைவிட ஆபத்து கம்மி. நாங்க இப்ப பெரும்பாலும் இதைத்தான் பண்றோம்.

அந்த "புது மருமக" ஜோக்குக்கு இன்னொருவாட்டி வர்றேன். அதைச் சொன்ன அக்கா மேல எனக்குக் கோபம் இல்லை, நல்லவங்க. ஆனா அந்த வார்த்தைதான் எங்களை மூணு நாள் கையைக் கட்டிக்கிட்டுப் பாக்க வெச்சுது. புதுசா வந்தவ அடி வாங்கித்தான் ஆகணும், அது உலக வழக்கம்னு நம்ம மண்டையில ஏற்கெனவே ஏறிக் கெடக்கு. அதனால கோழி அடி வாங்கும்போது அது பிரச்சனையாவே தெரியலை. கோழி கொத்தறது அதோட குணம், மாத்த முடியாது. ரெண்டு தட்டு கூட வைக்கறதும், ஓட ஒரு வழி விடறதும் நம்ம கையிலதான் இருந்துச்சு.

கருப்பி 2023 வரைக்கும் இருந்துச்சு. கடைசி வரைக்கும் முதல் வாய் அதுக்குத்தான். இப்ப எங்க கிட்ட 11 பெட்டை, ஒரு சேவல். சுருக்குப் பை பழையபடி அத்தை இடுப்புல. போன மாசம் அதே பக்கத்து வீட்டு அக்கா ஒரு கோழி வாங்கிட்டு வந்து, "ராத்திரி விட்டுடவா மதினி?"ன்னு அத்தை கிட்டக் கேட்டாங்க. நான் சமையக்கட்டுல இருந்தேன். அத்தை சொன்னது காதுல விழுந்துச்சு:

"ஒத்தையாவா வாங்கிட்டு வந்த? போ, போய் இன்னொண்ணு வாங்கிட்டு வா. ஒரு மாசம் மாடியில வையி. அப்புறமா வந்து கேளு."

பி.கு.: எடம் பத்தாம சேர்த்துச் சமாளிச்சவங்க, வேற வழி கண்டுபிடிச்சவங்க இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. "எங்க வீட்டுல ராத்திரி விட்டோம், ஒண்ணும் ஆகலையே"ன்னு சொல்லப் போறவங்க, உங்க கோழி ஓடறதுக்கு எவ்ளோ எடம் இருக்குங்கறதையும் சேர்த்துச் சொல்லிடுங்க.